‘ஜஸ்ட் நவ்’ என்றால் இப்போது இல்லை

தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் தடுக்கி விழும் சொல் ‘ஜஸ்ட் நவ்’. நானும் விழுந்தேன்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியேறிய வாரமே சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியது. ரிப்பேர்காரருக்குப் போன் செய்தேன். ‘ஜஸ்ட் நவ்’ வருவதாகச் சொன்னார். குழாய்க்கு அடியில் வாளியை வைத்துவிட்டு, குளிக்கக்கூடப் போகாமல் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாளி நிரம்பியது. மூன்றரை மணி நேரம் கழித்து வந்தவரிடம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. பக்கத்து வீட்டு ஆயாதான் பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: “அவர் லேட்டா வரலையே தம்பி. ஜஸ்ட் நவ்னுதானே சொன்னார்?”

தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல்லுக்கு ‘அப்புறம்’ என்றுதான் பொருள். அரை மணியில் நடக்கலாம், சாயங்காலமும் ஆகலாம். ‘நவ் நவ்’ என்றால் அதைவிடச் சீக்கிரம்.

இவர்களுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. இந்த வழக்குக்கு ஆஃப்ரிக்கான்ஸ் மொழியின் ‘நெட்நோ’தான் மூலம். 1652-ல் இன்றைய கேப் டவுனில் இறங்கிய டச்சுக்காரர்களின் பேச்சிலிருந்து வளர்ந்த மொழி அது. ‘நெட்’ என்றால் சற்று, ‘நோ’ என்றால் இப்போது. சேர்ந்தால் ‘சற்று முன்பு’ என்றும் வரும், ‘கொஞ்ச நேரத்தில்’ என்றும் வரும். நமக்கு இது புதிதா என்ன? ‘இப்போ வந்தான்’, ‘இப்போ வருவான்’ இரண்டையும் சொல்கிறோம், வினையைப் பார்த்துக் காலத்தைப் புரிந்துகொள்கிறோம். இங்கேயும் வினையைக் கவனித்தால் போதும். 1860-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கியது முதல் டர்பனில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களில் இன்று வீட்டுப் பேச்சே பெரும்பாலும் ஆங்கிலம்தான். அவர்கள் வாயிலும் இந்தச் சொல்லுக்கு இதே பொருள்தான்.

நாம் அதைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். மேலாளர் அறிக்கை கேட்கும்போது, இதோ அனுப்புகிறேன் என்ற எண்ணத்தில் ‘ஜஸ்ட் நவ்’ என்று சொல்லாதீர்கள். அவருக்கு அது ‘பிறகு பார்க்கலாம்’ என்று கேட்கும். உடனே என்றால் ‘ரைட் நவ்’ என்று சொல்லுங்கள்.

அவசர வேலை என்றால் “எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன், இதுவரை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.