காபிக்கு ஒரு மண் கோப்பை: கைப்பிடி விரிசல் விடாமல் செய்வது எப்படி?

பெங்களூரு பாட்டரி டவுனில் அகலும் பூந்தொட்டியும் வனையும் செம்மண் அருமையானது. ஆனால் காபிக் கோப்பைக்கு ஆகாது. ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் சுட்ட பிறகும் அது நீரை உறிஞ்சும். பானைத் தண்ணீர் குளிர்வதே அதனால்தான். 1,200 டிகிரிக்கு மேல் சுட்டதும் நீர் உறிஞ்சாதபடி இறுகிவிடும் ஸ்டோன்வேர் மண்ணைக் கேட்டு வாங்குங்கள். மண் பிசைவதும் அதைத் திகிரியில் (குயவர் சக்கரத்தில்) நடுவே நிறுத்துவதும் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அளவு. இந்த மண் சுட்டு முடிவதற்குள் எல்லாப் பக்கமும் சுமார் 12 சதவீதம் சுருங்கும். 150 மில்லி காபி கொள்ள, ஈரத்தில் 220 மில்லி கொள்ளும்படி வனையுங்கள். விளிம்பு மெல்லியதாக இருக்கட்டும். ஆனால் முனையை ஈரப் பாலித்தீன் துண்டால் உருட்டிவிடுங்கள். கூராக விட்டால் உதட்டை உறுத்தும், சில்லும் பெயரும். செதுக்கு வேலை எல்லாம் வெளிப்புறத்தில்தான். உள்ளே வரி போட்டால் காபிக் கறை தங்கிவிடும். எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

இனி கைப்பிடி. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். காய்ந்த கோப்பையும் ஈரக் கைப்பிடியும்கூட அப்படித்தான். ஈரம் அதிகமுள்ளது அதிகமாகச் சுருங்கி இழுக்க, மேல் இணைப்பில் மயிரிழை போல் விரிசல் விழும். ஆகவே கைப்பிடியை முன்கூட்டியே வளைத்து, வளைவு தானாக நிற்கும்வரை ஆறவிடுங்கள். கோப்பையில் நகம் பதிய வேண்டும், சுவர் நெளியக் கூடாது. அந்தப் பதத்தில் இரண்டிலும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். இதற்கென விற்கும் ஊசியைவிட முள்கரண்டியே மேல்; கீறல் ஒரே ஆழத்தில் விழும். வெறும் தண்ணீர் தடவாமல், அதே மண்ணைக் கரைத்த கெட்டிக் குழம்பைப் பூசி, உள்ளே விரலால் தாங்கிக்கொண்டு அசைத்து அழுத்துங்கள். விரல் நுழையும் இடைவெளியை ஈரத்தில் சற்றுத் தாராளமாகவே விடுங்கள். குறைந்தால் சூடான சுவரில் விரல்முட்டி படும்.

கைப்பிடியைச் சுற்றிலும் காற்றுப் படுவதால் அது முந்திக் காயும். அதை மட்டும் பாலித்தீனால் இறுகச் சுற்றி, முழுக் கோப்பையையும் தளர்வாக மூடி, ஓரிரு நாள் விடுங்கள்.

முதல் சூட்டுக்குப் பிறகு, உள்ளே ஈயம் கலக்காத வழவழப்பான கிளேஸ் (மீண்டும் சுடும்போது உருகிக் கண்ணாடி போல் படியும் பூச்சு) பூசுங்கள். அடிவளையத்தில் பட்டதை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள். இல்லையெனில் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

பின்சேர்க்கை: கிளேஸில் வலை போல் கோடுகள் விழுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஆறும்போது மண்ணைவிட கிளேஸ் அதிகம் சுருங்குவதே காரணம். கைப்பிடி வேலையை மாற்ற வேண்டாம். உங்கள் மண்ணுக்குப் பொருந்தும் வேறு கிளேஸை முதலில் ஒரு சிறு வில்லையில் பூசிச் சுட்டுப் பாருங்கள்.