பினாங்கு வெக்கையில் கெட்டிச் சீஸ்

மாதக்கணக்கில் கெடாத பெட்டிப் பால் சரியாக உறையாது என்பதால், கடையின் குளிர்பெட்டியில் கிடைக்கும் பாஸ்டரைஸ் செய்த பசும்பாலையே வாங்க வேண்டும். 10 லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ சீஸ் தேறும். கொதிநீரில் கழுவிய பாத்திரத்தில் பாலை 32 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, மெசோபிலிக் உறைப்பொடியை (மிதமான சூட்டில் பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாப் பொடி) கலந்து முக்கால் மணி நேரம் விட்டபின், ஆறிய நீரில் கரைத்த ரெனட்டை (பாலைக் கெட்டியாக உறையவைக்கும் நொதி) சேர்க்கவும்.

கத்தியை நுழைத்துத் தூக்கும்போது உறைந்த பால் நேர்கோடாகப் பிளந்து, பிளவில் தெளிநீர் ஊறினால் பதம் சரி. 1 செ.மீ. துண்டுகளாக்கி, கிளறியபடியே அரை மணி நேரத்தில் 38 டிகிரிக்கு மெல்ல உயர்த்த வேண்டும். அவசரப்பட்டால் துண்டின் வெளிப்புறம் தோலாக இறுகி, நீர் உள்ளேயே தங்கிவிடும். ஒரு பிடியை அழுத்தினால் ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்தால் உதிர வேண்டும்.

நீரை வடித்து, துண்டுகளின் எடையில் 2 சதவீத உப்பிட்டு, துணியில் கட்டி இரவு முழுதும் பாரம் வைக்கவும். (எங்கள் வீட்டில் அம்மிக்கல்தான் பாரம்.)

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் ஈரக்காற்றில் மேசைமேல் உலர்த்தினால் பூசணம் முந்திக்கொள்ளும். ஆகவே வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய சிறிய குளிர்பெட்டியை 12 டிகிரியில் வைத்து, அதிலேயே உலர்த்தி, சீஸ் மெழுகு பூசி, வாரந்தோறும் புரட்டியபடி மூன்று மாதம் முதிரவிட வேண்டும்.