கடலூரில் இருந்தபடியே வெப் டிசைனுக்கு மாறுவது எப்படி?

கம்ப்யூட்டர் டிகிரி கிடையாது, வயசு முப்பதைத் தாண்டியாச்சு, சிப்காட்டில் ஷிப்டு வேலை, இல்லையென்றால் கடையில் கணக்கு வேலை. இனிமேல் போய் வெப் டிசைன் கற்றால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொடுப்பார்கள். ஆனால் சான்றிதழைப் பார்த்து இல்லை, நீங்கள் செய்து வைத்திருக்கும் இணையப் பக்கத்தைப் பார்த்து. அதனால் பெரிய தொகை கட்டி கோர்ஸில் சேர்வதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள், இருக்கிற வேலையையும் விடாதீர்கள்.

முதலில் தேவையானவை

8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும். கோடு எழுதுவதற்கான விஎஸ் கோடு மென்பொருள் இலவசம், குரோம் பிரவுசர் இலவசம். பக்கத்தை வரைந்து பார்க்க ஃபிக்மாவின் இலவசக் கணக்கு இருக்கிறது. ஆனால் தாளும் பேனாவும் இருந்தால் முதல் மாதத்துக்கு அதுவும் வேண்டியதில்லை.

ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ்

ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் இந்த இரண்டையும் காசு கட்டாமல் பழகலாம், சந்தேகம் வந்தால் பார்க்க எம்டிஎன் என்ற விளக்கத் தளம் இருக்கிறது. இரண்டும் ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம். எழுத்து எது, தலைப்பு எது, படம் எது என்று பிரவுசருக்குச் சொல்வது ஹெச்டிஎம்எல். அது என்ன நிறம், என்ன அளவு, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது சிஎஸ்எஸ். ஒரு பக்கத்தை உங்களால் தனியாகக் கட்ட முடிகிற வரைக்கும் பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பக்கம் போகவே வேண்டாம். யூடியூபில் யாரோ ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஒரு கருவி) என்று சொன்னார்கள் என்பதற்காகப் பாதியில் தாவியவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் லேப்டாப்பை மூடி வைக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள்: ஹெச்டிஎம்எல் கோப்பின் தலைப்பகுதியில் (head), எழுத்து எந்த முறையில் இருக்கிறது என்று சொல்லும் யுடிஎஃப்-8 வரியும், திரையின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் வரியும் கட்டாயம் இருக்க வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் தமிழ் எழுத்து குப்பையாகத் தெரிய வாய்ப்பு உண்டு, இரண்டாவது இல்லாவிட்டால் போனில் பக்கம் முழுவதும் எறும்பு அளவில் சுருங்கிவிடும்.

ஒரு நிஜக் கடையை எடுங்கள்

இதுதான் முக்கியமான படி, இங்கே அவசரப்படாதீர்கள். கற்பனை காபி ஷாப்புக்குப் பக்கம் செய்து பழகாதீர்கள். உங்களுக்கு உள்ளே வெளியே தெரிந்த ஒரு தொழிலை எடுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் குடோனில் வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொள்வோம். 240 பருப்புக்கும் 320 பருப்புக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தெரியும்: ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்கிற கணக்கு அது, எண் கூடக் கூடப் பருப்பு சின்னதாகும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் டிசைனருக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு. நீங்கள் விட்டுவிட்டு வர நினைக்கிற வேலை, இந்த இடத்தில் உங்கள் முதலீடு ஆகிறது.

கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, போன் பண்றவங்க முதல்ல என்ன கேக்குறாங்க?" அநேகமாக "இன்னைக்கு கிலோ என்ன ரேட், கொரியர்ல அனுப்புவீங்களா" என்பதாகத்தான் இருக்கும். அப்படியென்றால் விலைதான் பக்கத்தின் உச்சியில் வர வேண்டும், அதன் கீழே இரண்டு ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோ, அப்புறம் கொரியர் விவரம், கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் வாட்ஸ்அப் பட்டன். "எங்களைப் பற்றி" என்று தாத்தா காலத்துக் கதையெல்லாம் கடைசியில் வரட்டும்.

தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டுவது

கடைக்காரர் தரும் விஷயம் பெரும்பாலும் பிரிண்டிங் பிரஸ்ஸில் பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். முதலில் எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றிவிட்டுத்தான் வைக்க வேண்டும். மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கலாம். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காடமரான் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டி, எழுத்தின் அளவைப் போல 1.7 மடங்கில் வையுங்கள், மேலே 'கீ'யும் கீழே 'மூ'வும் மூச்சுவிட இடம் வேண்டும்.

பட்டன் இன்னொரு தொல்லை. லேப்டாப்பில் அழகாக இருக்கும் "எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்" 360 பிக்சல் அகலப் போனில் இரண்டு மூன்று வரியாக உடையலாம். "அழையுங்கள்" என்று போடுங்கள், போதும். குரோமில் எஃப்12 அழுத்தி, வரும் பெட்டியில் போன் சின்னத்தைத் தட்டினால் போன் அளவில் பார்க்கலாம்தான், ஆனால் வீட்டில் இருக்கும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் திறந்து பார்க்காமல் யாருக்கும் காட்டாதீர்கள். நம்மூர் லாரன்ஸ் ரோடு வெயிலில் நின்று பார்த்தால் அந்த வெளிர்சாம்பல் எழுத்து ஸ்டைல் எல்லாம் என்ன ஆகிறது என்று புரியும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று உலகளாவிய அணுகல் விதிகளே சொல்கின்றன. போட்டோவையும் போனில் எடுத்த நாலைந்து எம்பி அளவிலேயே ஏற்றாமல், சுருக்கி ஏற்றுங்கள்.

ஊருக்குக் காட்டுவது

பயிற்சிப் பக்கங்களை கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் இலவசமாக ஏற்றலாம். கடை வியாபாரம் நடத்துவதற்கான இடம் அது இல்லை, அதற்குத் தனியாக ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க இணையத்தில் இடம், வாங்க வேண்டும். இப்படி மூன்று பக்கம் உங்கள் பெயரில் இருந்தால் வேலை கேட்டுப் போகலாம்.

பாண்டிக்குப் பஸ் ஏறினால் ஒயிட் டவுன் பக்கம் கெஸ்ட்ஹவுஸ்கள் வரிசையாக இருக்கின்றன, அங்கே தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் பக்கம் இருந்தால் நல்லது என்று நினைக்கிற முதலாளிகளைத் தேடிப் பாருங்கள். பிரெஞ்சை மெஷின் மொழிபெயர்ப்பில் தள்ளிவிட வேண்டாம். அந்த ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, ஒருவருக்குக் காசு கொடுத்து எழுதி வாங்குங்கள், அந்தச் செலவையும் சேர்த்தே ரேட் சொல்லுங்கள்.

காசு விஷயம்

பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு தொடங்குங்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி. எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதிக்குள் போட்டோ தருவார் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி "சரி" என்று பதில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு வேலைக்கு ஆகாது, பத்தாவது முறை நிறம் மாற்றும்போதுதான் இதன் அருமை தெரியும். டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, கடைக்காரர் பெயரிலும் அவருடைய மெயிலிலும்தான் வாங்க வேண்டும். உங்கள் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு பிற்பாடு பிடி கொடுக்காமல் இருப்பது தொழில் இல்லை. டொமைன் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் தளம் நின்றுபோன அன்று காலையில் போன் உங்களுக்குத்தான் வரும்.