எக்செல்லில் ஒரு கடல்தட்டை வரைந்து பார்ப்பது

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். பகல் முழுக்க எக்செல். பசிபிக் கடலின் அடித்தரையான பசிபிக் தட்டு, அந்தப் பெரும் பாறைப் பலகை, ஜப்பானுக்கு அடியில் சரிந்து இறங்குவதையும் ஒரு நாள் ராத்திரி அதே எக்செல்லில்தான் முதன்முதலில் பார்த்தேன். நீங்களும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் தளத்தில் நிலநடுக்கங்களைத் தேடி எடுக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. நிலநடுக்க அளவு (மேக்னிட்யூட்) 4-க்கு மேல், வடக்கு அட்சரேகை 38 முதல் 40 வரை, கிழக்குத் தீர்க்கரேகை 130 முதல் 146 வரை என்று கொடுங்கள். அட்சரேகைப் பட்டை இதைவிட அகலமானால் படத்தில் புள்ளிகள் கலங்கிவிடும். காலம் 1990 முதல் 2010 முடிய போதும். 2011 மார்ச்சைச் சேர்த்தால் அப்போது ஜப்பானைக் குலுக்கிய 9.1 அதிர்வின் பின்னதிர்வுகளே மேல்பகுதியை அடைத்துக்கொள்ளும். எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

அதில் மூன்றாவது பத்தி தீர்க்கரேகை, நான்காவது ஆழம். இந்த இரண்டை மட்டும் வைத்து, ஒரு நிலநடுக்கத்துக்கு ஒரு புள்ளியாக ஸ்கேட்டர் படம் போட்டு, ஆழ அச்சைத் தலைகீழாகத் திருப்புங்கள். அவ்வளவுதான்.

முதல் தடவை பார்த்தபோது 10 கிலோமீட்டரிலும் 33 கிலோமீட்டரிலும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்ததுபோல் புள்ளிகள் வரிசையாக நின்றன. பூமிக்குள் ஏதோ இரண்டு அடுக்கு இருக்கிறது என்றே நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. ஆழத்தைச் சரியாகக் கணக்கிட முடியாத அதிர்வுகளுக்கு அந்த எண்களை நிலையாக வைத்துவிடுவார்கள். மிகச் சரியாக 10, 33 என்று இருக்கும் வரிகளை வடிகட்டிவிடுங்கள்.

இப்போது படத்தை வலமிருந்து இடமாகப் படியுங்கள். தீர்க்கரேகை 144-ஐ ஒட்டி ஜப்பான் அகழி, அதாவது தட்டு உள்ளே இறங்கத் தொடங்கும் ஆழ்கடல் பள்ளம். அங்கே புள்ளிகள் ஆழமில்லாமல் கிடக்கும். மேற்கே போகப் போக இறங்கும். 141-ஐ ஒட்டி சுமார் 100 கிலோமீட்டர், 139-ஐ ஒட்டி கிட்டத்தட்ட 200. இந்த அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 86 கிலோமீட்டர். ஆக, 172 கிலோமீட்டர் நகர்வதற்குள் 100 கிலோமீட்டர் இறக்கம். சரிவு 30 பாகை.

அந்த 141-க்கு நேர் மேலே தரையில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். இவாத்தே எரிமலை! தட்டு தன் கனிமங்களில் கட்டிக்கொண்டு போன தண்ணீரை அந்த ஆழத்தை நெருங்கும்போது வெளியே விடுகிறது. தண்ணீர் பட்டதும் தட்டுக்கு மேலே உள்ள மேன்டில் (பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் அடுக்கு) பாறையின் உருகுநிலை குறைகிறது. அதுதான் எரிமலைக்குத் தீனி. அகழிக்கு இணையாக எரிமலைகள் ஏன் வரிசை கட்டி நிற்கின்றன என்பது எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

கியோ வடாட்டி என்ற ஜப்பானியர் 1920-களின் கடைசியிலேயே, கணினி எதுவும் இல்லாமல், அதிர்வு அலைகள் வந்து சேர்ந்த நேரங்களை வைத்து 300 கிலோமீட்டருக்கும் கீழே நிலநடுக்கம் நடக்கிறது என்று காட்டினார். பூமியின் மேற்பரப்பு நகரும் தட்டுகளால் ஆனது என்ற தட்டுக் கொள்கை உருவானதோ 1960-களில். அவர் பெயரையும் பின்னால் வந்த அமெரிக்க நிலநடுக்க ஆய்வாளர் பெனியாஃப் பெயரையும் சேர்த்துத்தான் இந்தச் சரிவை வடாட்டி–பெனியாஃப் மண்டலம் என்கிறார்கள்.

அப்புறம் ஜாவாவை வரையுங்கள். தெற்கு 12 முதல் 4, கிழக்கு 110 முதல் 113. அங்கே அகழி கிழக்கு மேற்காக ஓடுவதால் கிடை அச்சில் அட்சரேகையைப் போட வேண்டும். புள்ளிகள் 600 கிலோமீட்டர் வரை போகும். ஆனால் 300-க்கும் 500-க்கும் நடுவில் ஏறக்குறைய வெறுமை. தட்டு அறுந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பாறை உடைகிற இடத்தை மட்டும்தான் புள்ளி காட்டும். உடையாமல் இறங்கும் பகுதி இந்தப் படத்தில் விழாது. அங்கே தட்டு இருக்கிறதா என்று சொல்ல, அதன் வழியே அதிர்வு அலைகள் எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று தனியாக அளக்க வேண்டும்.