டோர்ட்டியா: ஸ்பெயினில் ஒன்று, மெக்சிகோவில் வேறொன்று

மத்ரித் நகரின் சிறிய உணவகம் ஒன்றில் முதன்முறையாக டோர்ட்டியா கேட்டபோது, மக்காச்சோள ரொட்டியில் எதையாவது சுருட்டிக் கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். வந்ததோ, கேக்கைப் போல முக்கோணமாக வெட்டப்பட்ட, இரண்டு விரற்கடை உயரமுள்ள உருளைக்கிழங்கு முட்டை அடை. ஸ்பானிய மொழியில் 'டோர்ட்டா' என்பது வட்டமான அப்பத்தைக் குறிக்கும். அதன் சிறிய வடிவம் டோர்ட்டியா. 1519இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேஸுடன் மெக்சிகோவில் இறங்கியவர்கள், அங்குள்ளவர்கள் நாவாட்டில் மொழியில் 'த்லஷ்கல்லி' என்று அழைத்த சோள ரொட்டியைப் பார்த்து, அதுவும் வட்டமாக இருந்ததால் தங்கள் சொல்லையே அதற்கும் வைத்துவிட்டார்கள்.

காரம் குறைந்தால் ஸ்பெயின், கூடினால் மெக்சிகோ என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இரண்டு டோர்ட்டியாக்களையும் ஒரே வாரத்தில் செய்த பிறகுதான், ஸ்பானியச் சமையல் எண்ணெயில் தொடங்குகிறது, மெக்சிகோ சமையல் காய்ந்த கல்லில் தொடங்குகிறது என்பது கைக்குப் புரிந்தது. எளிதானதை முதலில் முடித்துவிடுவோம்.

ஸ்பானிய டோர்ட்டியா

உருளைக்கிழங்கு 500 கிராம், முட்டை 6, பெரிய வெங்காயம் 1, ஆலிவ் எண்ணெய் 250 மில்லி, உப்பு. வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்பது ஸ்பெயினில் ஓயாத வழக்கு. நான் சேர்ப்பவர்கள் கட்சி. கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, வெங்காயத்தோடு எண்ணெயில் மூழ்கும்படி போட்டு, சிறுதீயில் 20 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள். இது வறுவல் அன்று. கிழங்கு சிவக்கக் கூடாது; கரண்டியின் ஓரத்தால் அழுத்தினால் உடைய வேண்டும், அவ்வளவுதான். பிறகு எண்ணெயை வடித்து எடுத்து வையுங்கள், அடுத்த முறைக்கு ஆகும். சூடான கிழங்கை அடித்த முட்டையில் கலந்து உப்பிட்டு, 10 நிமிடம் ஊறவிடுவதைத் தவிர்க்காதீர்கள். கிழங்கும் முட்டையும் தனித்தனியாகப் பிரியாமல் இருப்பது இந்த ஊறலால்தான்.

20 செ.மீ. அகலமுள்ள ஒட்டாத தவாவில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, கலவையை ஊற்றி, ஓரம் இறுகியதும் தவாவைவிடப் பெரிய தட்டால் மூடி, ஒரே மூச்சில் கவிழ்த்து, மறுபடியும் தவாவுக்குள் சறுக்கி விடுங்கள். தயங்கிக் கவிழ்த்தால் பாதி அடுப்பில்தான் விழும். ஸ்பெயினின் கலீசியாப் பகுதியிலுள்ள பெத்தான்சோஸ் ஊரில் வெட்டினால் நடுப்பகுதி வழிந்தோடும் அளவுக்கு இளக்கமாக எடுப்பார்கள். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.

மெக்சிகோ டோர்ட்டியா

நான் மூன்று முறை தோற்றது இங்கேதான். கடையில் வாங்கிய மக்காச்சோள மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து தட்டினேன். கல்லில் போடுவதற்குள்ளேயே வறண்ட ஏரி மண் போல வெடித்தது. கோதுமையில் உள்ள பசைத்தன்மை சோளத்தில் இல்லை என்பது காரணத்தின் ஒரு பாதி. மறு பாதி, மெக்சிகோக்காரர்கள் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை; சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவிய பிறகே அரைக்கிறார்கள். அந்தச் சோளத்துக்கு 'நிஷ்டமால்' என்று பெயர். சாம்பலைக் குறிக்கும் நாவாட்டில் சொல் அதனுள் இருக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை தோலைக் கரைத்து, மாவு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்படி செய்கிறது. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்னும் பி3 வைட்டமினையும் உடலுக்கு எட்டும்படி விடுவிக்கிறது.

ஸ்பெயின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சோளத்தை எடுத்துச் சென்றதே தவிர, சுண்ணாம்பை எடுத்துச் செல்லவில்லை. விளைவாக, சோளமே முக்கிய உணவாகிவிட்ட அஸ்தூரியாஸ் பகுதியின் ஏழை உழவர்களிடம் தோல் வெடித்துப் புண்ணாகும் ஒரு நோயை மருத்துவர் காஸ்பர் கசால் 1735இல் விவரித்தார். பிற்காலத்தில் பெலாக்ரா என்று பெயர்பெற்ற அந்த நோய், நியாசின் குறைவால் வருவது என்பது தெரிய இன்னும் இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

இனிச் செய்முறை. நன்கு காய்ந்த, உணவுக்கென விற்கும் மக்காச்சோளம் 500 கிராம். இனிப்புச் சோளம் உதவாது. சோள எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 5 கிராம், நீற்றிய சுண்ணாம்புத் தூள் போதும். வெற்றிலைக்குப் பூசும் வெள்ளைச் சுண்ணாம்பும் இதே பொருள்தான்; அதில் நீர் இருப்பதால் 10 கிராம் எடுக்கிறேன். நிறமோ மணமோ சேர்த்தது வேண்டாம், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்பை 2 லிட்டர் நீரில் கரைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் சோளத்தோடு கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து 40 நிமிடம் வேகவையுங்கள். சோளம் அடர்ந்த மஞ்சளாக மாறி, ஈர மண்ணை நினைவூட்டும் ஒரு வாசனை எழும். ஒரு மணியை விரலிடையில் தேய்த்தால் தோல் வழுவழுவென்று கழன்று வர வேண்டும். உள்ளே கடித்தால் இன்னும் சற்றுக் கடினமாக இருக்க வேண்டும். அடுப்பை அணைத்து, இரவு முழுவதும் அப்படியே மூடி வையுங்கள். காலையில் மூன்று நான்கு தண்ணீர் மாற்றி, தோல் போகுமட்டும் கைகளால் கசக்கிக் கழுவுங்கள்.

அரைப்பதில்தான் எனக்கு அடுத்த சறுக்கல். மெக்சிகோவில் இதற்கென்றே இருந்த 'மெத்தாத்தே' நம் அம்மியின் உறவுக்காரன். தண்ணீரை ஏறக்குறைய கேட்பதே இல்லை. மிக்சி கேட்கிறது. நான் தாராளமாக ஊற்றிவிட்டுத் தோசை மாவைப் பெற்றேன். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, கரண்டிக் கணக்கில் மட்டும் நீர் விட்டு, இடையிடையே மிக்சியை ஆறவிட்டு அரையுங்கள். உருண்டையை அழுத்தும்போது ஓரம் வெடித்தால் நீர் போதாது; உள்ளங்கையில் ஒட்டினால் நீர் அதிகம், மாவைத் துணியில் கட்டிச் சிறிது நேரம் வையுங்கள்.

30 கிராம் உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையில் வைத்து அழுத்துங்கள். இதற்கென்று விற்கும் விலையுயர்ந்த கருவியைவிடப் பூரி அழுத்தும் கட்டையே எனக்குப் பிடிக்கும். எண்ணெய் தடவாத இரும்புக் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முதல் பக்கம் அரை நிமிடம், மறுபக்கம் ஒரு நிமிடம், மீண்டும் திருப்பினால் உப்பி எழும். சுட்டவற்றைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்தால்தான் மென்மை வரும். கல்லிலிருந்து நேரே தட்டுக்குப் போனால் அப்பளமாக விறைத்துவிடும்.

தக்காளியிலும் இதே பிரிவு

ஸ்பெயினில் சோஃப்ரிட்டோ செய்பவர், வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் பொறுமையாக வதக்கி, துருவிய தக்காளியைச் சேர்த்து, அது ஜாம் போலச் சுருளும்வரை விடுவார். மெக்சிகோவில் சால்சா செய்பவர், முழுத் தக்காளியையும் தோலுரிக்காத பூண்டையும் மிளகாயையும் வெறும் கல்லில் கரும்புள்ளி விழச் சுட்டு, 'மொல்காகெத்தே' என்னும் எரிமலைக் கல் உரலில் இடிப்பார். எண்ணெய் வருவதானால் அதன் பிறகுதான். மிளகாயின் வேலையும் அப்படியே மாறுகிறது. ஸ்பெயினின் லா வேரா பகுதியில் கருவாலி விறகின் புகையில் உலர்த்திப் பொடிக்கும் மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை மணத்துக்காகச் சேர்க்கப்படுகிறது. மெக்சிகோவிலோ, ஆஞ்சோ, குவாஹியோ போன்ற காய்ந்த மிளகாய்களை ஊறவைத்து அரைத்த விழுதே குழம்பின் உடலாகிறது.

பின்சேர்க்கை: மூன்று வாசகர்கள் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள், பாத்திரம் கறுத்து, நீரும் சாம்பல் நிறமாகிவிட்டதாம். மூவருமே அலுமினியப் பாத்திரத்தில் வேகவைத்தவர்கள். சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். அந்தச் சோளத்தைக் கொட்டிவிடுங்கள். எவர்சில்வர் என்று நான் ஒரு சொல்லோடு கடந்துபோனது என் பிழை.

இன்னொருவருக்கு ரொட்டியில் சோப்புச் சுவை வந்திருக்கிறது. ஒரே தண்ணீரில் கழுவியிருக்கிறார். கழுவிய நீர் தெளியும்வரை கசக்கினால் அது போய்விடும்.