நண்பர் வீட்டில் தங்கி யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்ப்போருக்கு

ஐந்தாறு நாள் விடுமுறையில் யாழ்ப்பாணம் போய் நண்பர் வீட்டில் நிற்கப்போகிறவர்கள், பார்க்கவேண்டிய இடங்களைக் குறித்துக்கொள்வதற்கு முன்னர், நண்பருக்கு லீவு உண்டா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டறிய வேண்டும். நம்மவர் வீடுகளில் விருந்தாளியிடம் "முடியாது" என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பதற்காக, வேலைநாட்களில் அவரை வாகனத்தோடு இழுத்துத் திரிவது முறையன்று. தீவுப் பக்கத்துக்கும், குடாநாட்டின் வடகிழக்கிலுள்ள வடமராட்சிக்கும் பேருந்துகள் ஓடுகின்றன. நண்பரோடு சேர்ந்து போகச் சனி ஞாயிறை ஒதுக்கிக்கொள்ளலாம்.

ஒரு நாளுக்கு ஒரு திசை போதும். நெடுந்தீவையும் நயினாதீவையும் ஒரே நாளில் முடிக்கப் பலர் முயல்கிறார்கள். அவசரத்தில் இரண்டும் மனதில் நிற்பதில்லை. இரண்டுக்கும் புங்குடுதீவைத் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறையிலேயே படகு ஏறவேண்டும். நயினாதீவு மிக அருகில் இருக்கிறது. நாகபூசணி அம்மனைத் தரிசித்து, நாகவிகாரை என்னும் பௌத்த விகாரையையும் நடந்தே பார்த்து, அன்னதான மண்டபத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆறுதலாகத் திரும்பலாம்.

நெடுந்தீவுக்கான கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். படகின் கீழ்த்தட்டில் டீசல் மணத்தோடு அலையும் சேர்ந்தால் தலை சுற்றும் என்பதால், காலைச் சாப்பாட்டை மட்டாக வைத்துக்கொள்வது நன்று. இறங்கியவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைத் துறையிலேயே கேட்டு உறுதிசெய்வதாகும். அதன் பின்னர் ஓட்டோ ஒன்றைப் பேசிக்கொள்ளலாம். வழிநெடுகச் சாந்து பூசாமல் பவளக்கற்களை அடுக்கியே எழுப்பிய வேலிமதில்களும், பத்துப்பேர் கைகோத்தாலும் எட்டுமோ என்று எண்ணவைக்கும் பெருக்கு மரமும், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடும், புல்வெளியில் கட்டாக்காலியாக மேயும் குதிரைகளும் அங்கே உண்டு. நிழல் குறைவு, குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

வடக்கே கீரிமலையில் கடலை ஒட்டிய நன்னீர்க் கேணியில் முழுகுவதற்கு விடியற்காலையே சிறந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உள்ளன, மாற்றுடுப்பு அவசியம். அந்தப் பக்கத்தில் படைமுகாம்களைப் படமெடுக்கக் கூடாது. வடமராட்சிக்குப் போனால் வல்லிபுர ஆழ்வார் கோயிலையும் மணற்காட்டு மணல்மேடுகளையும் பார்த்துவிட்டு, பருத்தித்துறையில் தட்டை வடை வாங்காமல் திரும்பவேண்டாம்.

நகரத்துக்குள் அரை நாள் போதும். 1618-இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைக்கு வெயில் தணிந்த பின் போகலாம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேலாடையைக் களையவேண்டும். ஆடி, ஆவணியில் வரும் 25 நாள் திருவிழாக் காலத்தில் போகிறவர்கள் சனக்கூட்டத்துக்கும் வீதித்தடைகளுக்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும். அந்நாட்களில் நண்பர் வீட்டில் வேறு விருந்தாளிகளும் நிற்கக்கூடும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். கையில் காசு நீட்டினால் நண்பர் கோபிப்பார். வாகனத்துக்கு எண்ணெய் அடிக்கும் இடத்தில் முந்திக்கொண்டு கொடுப்பதும், சந்தைக்குக் கூடப்போய் மீனும் மரக்கறியும் வாங்கிவருவதும் எவரையும் சங்கடப்படுத்தாது. திருவிழா நாட்களில் கொழும்புக்குத் திரும்பும் ரயிலில் இருக்கை கிடைப்பது கடினம். புறப்படுவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள்.