பினாங்குக் கரையில் செம்பருந்து உண்பதைக் கவனிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செத்த மீனையும் மீன்கழிவையும் தின்னும் பறவைகளைக் கவனிக்கப் பினாங்கைப் போல் வசதியான இடம் அரிது. தெலுக் பஹாங் ஜெட்டியில் படகுகள் கரை சேரும் வேளையில் செம்பருந்துகளும் காகங்களும் கூடிவிடும். ஆயினும், காண்பது எளிதாக இருப்பதாலேயே குறிப்புகள் பிழையாகிவிடுகின்றன.

அத்தவறுகளுள் பெரியது, கண்ட செயலை விட்டுவிட்டு ஊகத்தை எழுதுவது. பருந்து நீர்ப்பரப்பை நோக்கித் தாழ்ந்து எழுந்ததும் "மீன் பிடித்துத் தின்றது" என்று எழுதிவிடுகிறோம். அது எடுத்தது உயிருள்ள மீனா, மிதந்த செத்த மீனா, படகிலிருந்து எறிந்த குடலா, அல்லது கால் நீரில் பட்டும் எதுவும் சிக்கவில்லையா என்பவை வெவ்வேறு செய்திகள். செம்பருந்து முழுகி மீன் பிடிப்பதில்லை. மேற்பரப்பில் இருப்பதைக் காலால் கவ்வி, பெரும்பாலும் பறந்தபடியே கொத்தித் தின்னும். பிற பறவைகளிடமிருந்து இரையைப் பறிப்பதும் உண்டு. ஆகவே தேடியது, கவ்வியது, பறித்தது, இழந்தது, விழுங்கியது என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதுங்கள். செம்பருந்தாகிய கருடனைக் கண்டதும் கைகூப்பும் நம் வழக்கம் அழகானது. குறிப்பேட்டில் மட்டும் அதன் கால்களில் இருந்தது என்ன என்பதே இடம்பெற வேண்டும்.

அடுத்தது, இரை வீசி வரவழைப்பது. லங்காவியின் கிலிம் பகுதியில் சுற்றுலாப் படகினர் கோழித்தோலை வீசிப் பருந்துகளைக் கூட்டிய வழக்கம் பலரும் அறிந்ததே. அவ்வாறு கூடும் பறவை எதை நாடுகிறது, எவ்வளவு நேரம் தேடுகிறது என்பதை அங்கே அறிய இயலாது. கால்சியம் குறைந்த அத்தகைய கொழுப்புணவு வளரும் குஞ்சுக்கும் ஏற்றதன்று. அமாவாசையன்று நாம் காகத்துக்கு வைக்கும் சோறு முன்னோர்க்கு உரிய கடன். அதைத் தின்ன வரும் காகத்தை இயற்கை உணவுக் கணக்கில் சேர்க்கலாகாது.

காகங்களிலும் வேறுபாடு உண்டு. சாம்பல் கழுத்துள்ள வீட்டுக்காகம் 1890களில், காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்கென இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. முழுக்கறுப்பான அண்டங்காக்கையோ இம்மண்ணுக்கே உரியது. இரண்டையும் வெறுமனே "காகம்" என்று எழுதினால் குறிப்பின் பயன் பாதியாகும். அதேபோல், பழுப்பு நிறமுள்ள இளம் செம்பருந்தைக் கரும்பருந்து என எண்ணிவிடுவதும் அடிக்கடி நேர்கிறது; வால்நுனி வட்டமாயின் செம்பருந்து, பிளவுபட்டிருந்தால் கரும்பருந்து.

நேரத்தைக் கடிகாரத்தால் மட்டும் குறிப்பதும் போதாது. பினாங்கில் நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. அந்நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. எனவே இன்று காலை 8 மணிக்குச் சேறு தெரிந்த இடத்தில் அடுத்த வாரம் நீர் நிற்கலாம். கடல் ஏறும் ஓதமும் இறங்கும் வற்றமும் குறிக்கப்படாத பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

பரபரப்பான சண்டையை மட்டும் எழுதிவிட்டு, பறவை கம்பத்தில் வெறுமனே அமர்ந்திருந்த அரைமணி நேரத்தை விட்டுவிடுவதும் தவறே. ஒரு பறவையைத் தேர்ந்து, அது என்ன செய்கிறது என்பதை நிமிடத்திற்கொருமுறை எழுதினால் இச்சாய்வு குறையும்.

தின்பதை நிறுத்தி, தலைநிமிர்த்தி உங்களையே நோக்கும் பறவைக்கு நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். அலையாத்திக் காட்டில் இரையோடு கூட்டுக்கு வரும் பருந்து இறங்காமல் வட்டமிட்டால், பதிவு முடியாவிட்டாலும் உடனே விலகிவிட வேண்டும், ஏனெனில் குஞ்சின் உணவு அதுவரை காத்திருக்கிறது.